வெளிக்கிடும்போது சொல்லக்கூடாத கதை

எனக்குக் கரிநாக்கு என்று எங்கள் சனம் தீர்ப்புச் சொல்லிப் பல வருடங்களாகிவிட்டன. நான் வாயைத் திறந்து ஒரு கெட்டதைச் சொன்னால் அது அப்படியே நடந்துவிடுமாம். என் கணவரின் தம்பி லாங்கன்தாலில் சாப்பாட்டுக்கடை திறந்தபோது, "இந்த மூலைக்குள்ளை ஆர் தேடிவந்து சாப்பிடப்போகினம்?" என்று கேட்டேன். கடைக்கு ஒரு பக்கம் பல் வைத்தியர், மறுபக்கம் சவப்பெட்டி விற்கிற இடம். அடுத்த தைப்பொங்கலுக்கு முன்னரே கடைக்குப் பூட்டு விழுந்தது. அந்த இடத்தைத் தேடிப் பிடித்தவர் அப்பாவி, கேள்வி கேட்ட நான் குற்றவாளி. இன்னொரு சொந்தக்காரர் பழைய கார் ஒன்றை வாங்கிவந்து காட்டினார். கீழே எண்ணெய் சொட்டுகிறது என்று சொன்னேன். சொட்டிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு கிழமையில் கார் நெடுஞ்சாலை நடுவில் நின்றுபோனது. எண்ணெய் இல்லாததால் நின்றதாக நீங்கள் நினைக்கலாம். இல்லை, என் நாக்கால் நின்றதாம்.

அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் பயணம் போனால் எனக்குச் சொல்வதில்லை. கனடாவுக்குக் கலியாண வீட்டுக்குப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து, பெட்டியைப் பிரித்து, உடுப்பையும் தோய்த்துக் காயப்போட்ட பிறகுதான் "நாங்கள் ஒருக்கா கனடா போட்டு வந்தனாங்கள்" என்பார்கள். எனக்கு அதில் கவலையில்லை. விமான நிலையத்துக்குப் போகிற அலைச்சல் மிச்சம்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்குவதில்லை. இந்தப் பனிமலை நாட்டில் அரசாங்கச் சம்பளத்துக்கு ஆட்களை வைத்து, குளிர்காலம் முழுக்க, மாலையும் காலையும், எந்த மலையில் எந்தப் பக்கத்தில் எந்த உயரத்தில் பனி சரிந்து மனிதர் புதையுண்டு சாகலாம் என்று எழுதுவிக்கிறார்கள். நிறம் தீட்டிய வரைபடத்தோடு அது கைபேசிக்கு வரும். பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, அதற்கும் மேலே ஒரு கடும் சிவப்பு. ஐந்து படி. "காற்று அள்ளிக் குவித்த பனி பழைய பனியோடு ஒட்டவில்லை, ஒரு ஆளின் பாரமே போதும்" என்று கூசாமல் எழுதுவார்கள். அவர்களை யாரும் கரிநாக்கு என்று சொல்வதில்லை. பென்சன் கொடுக்கிறார்கள். நான் இதே வேலையை இத்தனை வருடமாக இலவசமாகச் செய்கிறேன், ஒரு கோப்பி தருவாரில்லை.

இந்த அறிவித்தல் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மகளால் தெரியும். எங்களுக்கு ஒரே பிள்ளை. பேர்ணில் பிறந்து, பேர்ணில் படித்து, பேர்ணில் நல்ல வேலையும் எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு இருபது வயதுக்குப் பிறகு பனிமலைப் பைத்தியம் பிடித்தது. கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறி, சறுக்கிக்கொண்டு இறங்கினால் பரவாயில்லை, அது பிள்ளைகளும் செய்வது. இவள் பிடித்தது வேறு. ஸ்கீ என்கிற சறுக்குப் பலகைக்கு அடியில் ஒரு துணியை ஒட்டிக்கொண்டு, பாதையுமில்லாத, ஆளுமில்லாத மலையில் நாலு மணித்தியாலம் வியர்க்க வியர்க்க ஏறுவது. ஏறி, ஒரு பாணைக் கடித்து, பத்து நிமிடத்தில் கீழே வந்துவிடுவது. பல்லுக்கும் பூனைக்கும் சைக்கிளுக்கும் காப்புறுதி எடுக்கிற, கண்ணாடிப் போத்தலை நிறம் பார்த்துப் பிரித்துப் போடுகிற இந்தச் சனம், சனிக்கிழமை விடிந்தால் ஒரு ஆளின் பாரத்துக்கே பனி இறங்கிவிடும் என்று எழுதியிருக்கிற இடத்தைத் தேடிக்கொண்டு போகிறது. அவர்களோடு என்ரை பிள்ளையும்.

அவள் போகுமுன் ஒரு பயிற்சி எடுத்தாள். அதில் சொல்லிக்கொடுத்த இரண்டு விஷயத்தை வந்து எனக்குச் சொன்னாள். ஒன்று, போகிற கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் "வேண்டாம்" என்று சொல்லலாம். ஒராள் சொன்னால் போதும், ஏன் எதற்கு என்று கேளாமல் எல்லோரும் திரும்பவேண்டும். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் அந்தச் சாப்பாட்டுக்கடை தப்பியிருக்கும் என்று சொன்னேன். இரண்டாவது, போகிற இடம், ஏறுகிற பக்கம், இறங்குகிற நேரம் எல்லாவற்றையும் கீழே இருக்கிற ஒராளுக்குச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். ஏதும் நடந்தால் எங்கே தேடுவது என்று தெரிவதற்கு.

அந்த ஒராள் நான். தகப்பனுக்குச் சொன்னால் கோயிலுக்கு ஓடுவார், சிநேகிதிகளுக்குச் சொன்னால் அவர்களும் கூடவே மலையில் நிற்பார்கள். ஆகவே எங்கள் சனம் முழுவதிலும் வெளிக்கிடமுன் எனக்குச் சொல்லிவிட்டுப் போகிற ஒரே உயிர் என் மகள்தான். காலையில் ஒரு செய்தி வரும்: இந்த மலை, இந்தப் பக்கம், இத்தனை மணிக்குள் கீழே. பிறகு பின்னேரம் ஒரு சொல் வரும்: கீழை வந்திட்டன். இரண்டுக்கும் நடுவில் நான் முதியோர் இல்லத்தில் கிழவர்களுக்குச் சூப் பருக்கிக்கொண்டு, கழிவறைக்குள் போய் அந்த அறிவித்தலைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். மற்றப் பெண்கள் நாடகத்தொடர் பார்ப்பதுபோல நான் பனி பார்ப்பேன். பயம் குறைகிறதா என்றால் இல்லை. ஆனால் எந்த மலைக்குப் பயப்படுவது என்றாவது தெரியும். எனக்கு அது பெரிய விஷயம். அதைப் பிடுங்கினால் எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்.

அப்படி ஏறிய ஒரு மலையில்தான் அவள் ஒரு பொடியனைச் சந்தித்தாள். அட்லிஸ்வில்லில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பொடியன். இந்தச் செய்தி வந்த அன்று என் கணவர் பதினொரு தேங்காய் உடைத்தார். "அந்த மலை முழுக்க வெள்ளைக்காரன். அதுக்குள்ளை ஒரு தமிழ்ப் பிள்ளை, அதுவும் சைவம். முருகன் குன்றிலை நிக்கிறவன், சும்மா விடுவானே?" என்றார். அதுவரை மலை என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் அன்றிலிருந்து மலைக்குப் பக்தர்.

பொடியன் நல்லவன். இனி மருமகன் என்றே சொல்கிறேன். பனியைப் பற்றி மகளைவிடக் கூடத் தெரிந்தவன், அமைதியானவன், எங்கள் வீட்டில் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுகிறவன். கலியாணப் பேச்சு முற்றாகி, நாள் மட்டும் வைக்காமல் இருந்த நேரத்தில் அவன் ஒரு யோசனை சொன்னான். இரண்டு வீட்டாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய்ப் பனியில் சின்னதாக ஒரு நடை நடக்கலாமாம். இயற்கைக்குள் போனால் எல்லோருக்கும் மனது இளகுமாம். வீட்டுக்குள் சோபாவில் இருந்து பற்றீஸ் சாப்பிட்டாலும் எனக்கு மனது இளகும். யார் கேட்டார்கள்?

அந்த ஞாயிறு ஓபர்லாண்டு மலைப்பக்கத்துக்குப் போகிற வழியில் என் கணவர் காரை ஓட்டிக்கொண்டே எனக்குச் சட்டம் போட்டார். மகள் வேளைக்கே மருமகனோடு போய்விட்டாள், காரில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"இஞ்சை பார், இண்டைக்கு ஒருநாள் மட்டும் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு. சம்மந்தி அம்மா எல்லாத்துக்கும் சகுனம் பாக்கிற மனுசி. பிள்ளையின்ரை வாழ்க்கை."

"அப்ப நான் என்னத்தைத்தான் கதைக்கிறது?"

"ஓம் எண்டு சொல்லு. நல்ல வடிவாயிருக்கு எண்டு சொல்லு. சாப்பிடுங்கோ எண்டு சொல்லு. காணும்."

மூன்று வசனத்தோடு ஒரு நாளை ஓட்ட முடியுமா என்று கேட்காதீர்கள். இருபத்தெட்டு வருடம் இவரோடு ஓட்டியிருக்கிறேன். சரி என்று சொன்னேன். கைபேசியைத் திறந்து அன்றைய அறிவித்தலைப் பார்த்தேன். நாங்கள் போகிற பக்கம் செம்மஞ்சள், மூன்றாம் படி. ஐந்தில் மூன்று என்றால் பாதிதானே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், என் கணவர் அவர்களில் ஒருவர். மகள் எனக்குச் சொல்லியிருக்கிறாள்: ஐந்தில் சாகிறவர்கள் குறைவு, ஏனென்றால் அன்றைக்கு ஒருவரும் போகமாட்டார்கள், மூன்றில்தான் ஆட்கள் போவார்கள், மூன்றில்தான் சாவார்கள். இதைக் காரில் சொல்ல வாய் உன்னியது. "நல்ல வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

கார் நிறுத்துகிற இடத்தில் சம்மந்தி வீட்டார் எங்களுக்கு முன்னரே வந்து நின்றார்கள். சம்மந்தி அம்மாவை அன்றுதான் கிட்டத்தில் நின்று பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது மூப்பு, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில், நெற்றியில் கச்சிதமாகத் திருநீறு, அதற்கு மேல் கம்பளித் தொப்பி. நல்லதையே நினைக்கவேண்டும், நல்லதையே கதைக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அவருடைய கணவர் முழங்கால் நோவைச் சாட்டிக்கொண்டு அங்கேயே இருந்த உணவகத்துக்குள் போய் யன்னலோரம் இருந்துவிட்டார். அன்றைக்கு அங்கே வந்த ஆட்களில் புத்தியுள்ளவர் அவர் ஒருவர்தான்.

பனிக்குள் கால் புதையாமல் இருக்கச் சப்பாத்துக்கு அடியில் கட்டுகிற அகலமான தட்டுகளை மருமகன் எல்லோருக்கும் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தான். சம்மந்தி அம்மா கைப்பையைத் திறந்து தேசிக்காய்களை எடுத்தார். புதுக் காருக்குச் சில்லுக்குக் கீழே வைப்பதுபோல, ஒவ்வொருவருடைய தட்டுக்குக் கீழும் ஒவ்வொரு தேசிக்காயை வைத்து நசிக்கச் சொன்னார். வாடகைத் தட்டு, நேற்றைக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரன் போட்டு நடந்தது, அதற்கும் கண்ணூறு. பக்கத்தில் ஸ்கீ கட்டிக்கொண்டு நின்ற ஒரு குடும்பம் எங்களை வேடிக்கை பார்த்தது. நான் "ஓம்" என்று சொல்லி நசித்தேன். தேசிக்காய் கல்லாய் உறைந்திருந்ததால் வழுக்கி விழப் பார்த்தேன், அதையும் சொல்லவில்லை.

பிறகு மருமகன் ஆளுக்கொரு சின்னக் கருவியைக் கழுத்தில் மாட்டி ஜாக்கெட்டுக்குள் விட்டான். பனிக்குள் புதைந்தவர் எங்கே கிடக்கிறார் என்று மேலே நிற்பவருக்குக் காட்டிக்கொடுக்கிற கருவி. எனக்கு அது தெரியும்.

"இதென்ன தம்பி?" என்று சம்மந்தி அம்மா கேட்டார்.

"அது எத்தினை அடி நடந்தனாங்கள் எண்டு எண்ணுறது அம்மா," என்றான் அவன்.

நான் மகளைப் பார்த்தேன். மகள் தன் கையுறையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய கூத்து. மலைக்குப் போகிறவர்கள் வெளிக்கிடமுன் வட்டமாக நின்று கதைக்கவேண்டும் என்பது மகள் எனக்குச் சொல்லித் தந்த இன்னொரு விதி. இன்றைக்கு எங்கே ஆபத்து, எந்தச் சரிவை ஒவ்வொருவராகக் கடக்கவேண்டும், ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் என்ன செய்யவேண்டும். மருமகன் ஒழுங்காகத்தான் தொடங்கினான். "இண்டைக்கு மூண்டாம் படி. ஆரும் பனிக்குள்ளை போயிட்டால் முதல்..." என்று வாயெடுத்ததும் சம்மந்தி அம்மா காதைப் பொத்தினார்.

"சிவ சிவா! வெளிக்கிடேக்கை என்ன கதை உது? நல்ல காரியமாப் போறம். நல்லதைக் கதை ராசா."

அவன் நிறுத்திவிட்டான். நிறுத்தியவன் சிரித்துக்கொண்டு, "சரி, அப்ப போவம்" என்றான். என் கணவர் "அதுதானே" என்று தலையை ஆட்டினார். ஒரு நாட்டின் மலைகள், அதன் அறிவியல், அதன் வரைபடங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம் கேட்ட இடத்தில், எங்கள் சனத்துக்கு அந்த இரண்டு நிமிடம் கொடுக்க மனம் வரவில்லை. ஆருடைய நாக்குக் கரி என்று அப்போது எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

முதல் ஒரு மணித்தியாலம் காட்டுக்குள்ளே நடை. உண்மையைச் சொல்லவேண்டும், நன்றாகத்தான் இருந்தது. மரங்களுக்கு நடுவில் காற்று இல்லை, பனி பஞ்சாய்க் கிடந்தது. சம்மந்தி அம்மா மூச்சு வாங்கினாலும் முறைப்பாடு சொல்லாமல் நடந்தார். எனக்கு அவரைப் பிடித்தும்போனது. தன் மகனுக்குச் சின்ன வயதில் பாலில் ஒவ்வாமை இருந்தது, இரவில் நெஞ்சில் கை வைத்துப் படுப்பேன் என்றெல்லாம் சொன்னார். இடைக்கிடை கருவியைத் தடவி, "இப்ப எத்தினை அடி வந்திருக்கும் தம்பி?" என்று கேட்டார். "நாலாயிரம் அம்மா," என்றான் அவன் முகம் மாறாமல். பொய் சொல்கிறதிலும் கெட்டிக்காரன்.

காடு முடிந்த இடத்தில் மலை திறந்தது. அங்கிருந்து பார்த்தால் கொஞ்சம் தள்ளி ஒரு மரக்கட்டைச் சுவர்க் குடில் தெரிந்தது. அங்கே அப்பிள் கேக் விற்பார்களாம், அது வேகிற மணம் வராத குறைதான். திட்டப்படி நாங்கள் காட்டின் ஓரமாகச் சுற்றிப் போகவேண்டும், இன்னும் ஒரு மணித்தியாலம். நேரே போனால் கால் மணித்தியாலம். ஆனால் நேரே போவதென்றால் ஒரு சரிவைக் குறுக்கே கடக்கவேண்டும். மேலே கூரை மாதிரிச் சரிந்து, தடித்த பனி. காற்று அள்ளிக் குவித்தது என்று ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரியும், விளிம்பெல்லாம் மடிந்து தொங்கியது. குறுக்கே இரண்டு பேர் ஸ்கீயில் போன தடம் கிடந்தது.

"என்ரை கால்விரல் விறைச்சுப் போச்சு," என்றார் சம்மந்தி அம்மா. "இதாலை போகேலாதோ? ஆக்கள் போயிருக்கினம்தானே."

அவன் சரிவைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். அந்த நேரத்தில் எங்கள் காலுக்குக் கீழே பனி "வும்" என்றது. பெரிய சத்தமில்லை. ஆனால் காலுக்குள் இருந்து வயிற்றுக்கு ஏறியது. பனிக்குள்ளே ஒரு அடுக்கு நொறுங்கினால்தான் அந்தச் சத்தம் வரும், பனி சரியப்போகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி என்று அந்த அறிவித்தலில் வரிக்கு வரி எழுதுகிறார்கள்.

"அதென்ன சத்தம்?"

"பனி இறுகுது அம்மா. ஒண்டுமில்லை."

மகள் அவனுக்குக் கிட்டப் போய் ஏதோ மெல்லச் சொன்னாள். அவன் அவளுக்கு, "ஹுன்ட் ஷோ குவெட்" என்றான். எல்லாம் சரியாக வரும் என்று அர்த்தம். இந்த நாட்டில் எதுவும் சரியாக வராதபோதெல்லாம் சொல்கிற வசனம் அதுதான்.

"அப்ப ஒரு ஆள் கடந்து முடிஞ்சாப் பிறகு மற்ற ஆள் வாங்கோ," என்றான் மருமகன்.

"ஏன் தனித்தனிய? தனியப் போறது நல்லதில்லை," என்றார் தாய். "எல்லாரும் கையைப் பிடிச்சுக்கொண்டு சேந்து போவம். முதல் முதல் ரெண்டு குடும்பமும் வந்திருக்கிறம்."

ஒருவர் புதைந்தால் தோண்டுவதற்கு மற்றவர்கள் மிச்சம் இருக்கவேண்டும், அதனால்தான் தனித்தனி. அதை அவன் சொல்லவேண்டும். சொன்னால் தாய் காதைப் பொத்துவார். அவன் இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினான். பிறகு, "சரி, சேந்தே போவம்" என்றான்!

நான் மகளைப் பார்த்தேன். எட்டு வயதில் ஆசிரியைக்கு முன்னால் எழும்பி நின்று "நீங்கள் சொல்வது பிழை" என்று சொல்லி, வீட்டுக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்த பிள்ளை. எனக்கு நேரே நின்று, "அம்மா, உங்களுக்குத் தெரியாட்டில் கதைக்காதையுங்கோ" என்று சொல்கிற பிள்ளை. அவள் குனிந்து காலில் கட்டியிருந்த பட்டியை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே இறுகியிருந்த பட்டி. பிறகு எழும்பி, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு முதலாவது ஆளாய்க் காலை எடுத்து வைக்கப் போனாள்.

"நில்லடி!"

நான் கத்தியது மலை முழுக்கக் கேட்டிருக்கும். என் கணவர் "ஐயோ" என்றார், நான் இன்னும் ஒன்றும் சொல்லத் தொடங்கவேயில்லை.

"இதிலை கால் வைச்சால் இது முழுக்க இறங்கும். இறங்கினால் அஞ்சு பேரும் உள்ளை. தோண்டுறதுக்கு மேலை ஒருத்தரும் இல்லை. கழுத்திலை தொங்குறதை அடி எண்ணுற சாமான் எண்டு பனிக்குக் கீழை கிடந்து ஆருக்குச் சொல்லப்போறியள்?"

சம்மந்தி அம்மாவின் முகம் வெளுத்தது.

"வாயிலை நல்லது வராதோ உங்களுக்கு?" என்றார். "பிள்ளையளின்ரை முதல் பயணத்திலை சாவைச் சொல்லுறியளே."

"பிள்ளை, நீ சொல்லு," என்றேன் மகளிடம். "படிச்சது நீ. உனக்குத் தெரியும். சொல்லு."

அவள் சொல்லவில்லை. மாமியாரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பனியைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியாது. அந்தச் சரிவுக்குப் பயந்ததைவிட அவள் வாய் திறவாமல் நின்றதற்கு நான் பயந்தேன். வாக்குவாதம் பண்ணிப் பயனில்லை என்று தெரிந்ததும் நடந்து வந்த தடத்திலேயே பொத்தென்று இருந்துவிட்டேன். பனி காற்சட்டையால் ஊறியது.

"நான் வரேல்லை. போறாக்கள் போங்கோ. பொம்பிளையின்ரை தாய் இஞ்சை குந்திக்கொண்டிருக்கிறாள் எண்டு ஊருக்குச் சொல்லுங்கோ."

அதுதான் வேலை செய்தது. அறிவியல் வேலை செய்யவில்லை, மானம் வேலை செய்தது. மருமகன் மெல்ல, "மாமி வேண்டாம் எண்டு சொல்லிட்டா. அப்ப திரும்புறதுதான்" என்றான். அவனுடைய முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்ததை நான் கண்டேன். தன் வாயால் தாய்க்குச் சொல்லமுடியாததை வேறு யாராவது சொல்லிவிட்டால் ஆம்பிளைகளுக்கு வருகிற ஆறுதல்.

வந்த வழியே இறங்கினோம். என் கணவர் எனக்கு முன்னால் தோள் குறுகி நடந்தார், அந்தப் பதினொரு தேங்காயையும் நினைத்திருப்பார்.

கீழே உணவகத்தில் சம்மந்தி அப்பா இரண்டாவது கோப்பை உருளைக்கிழங்கு ரோஸ்டியில் இருந்தார். அவருக்குப் பக்கத்து யன்னலால் அந்தச் சரிவு முழுக்கத் தெரிந்தது. வெயில் பட்டுப் பால் வெள்ளையாய், ஒரு குற்றமும் அறியாததாய்க் கிடந்தது. கேக்கும் கோப்பியும் வருவதற்குள் மூன்று பேர் ஸ்கீயில் வந்து அதைக் குறுக்கே கடந்து போனார்கள். ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு. ஒன்றும் நடக்கவில்லை. எனக்காக ஒரு பிடி பனியாவது உதிர்ந்திருக்கலாம். மலைக்கும் என் கணவருக்கும் ஒரே குணம், நான் சரி என்று ஆட்களுக்கு முன்னால் காட்டவே காட்டாது.

"பாத்தியளே, ஒண்டும் நடக்கேல்லை," என்றார் சம்மந்தி அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "நான் ஒண்டு சொல்லுறன், பிழையா எடுக்காதையுங்கோ தங்கச்சி. சில ஆக்களின்ரை வாய் அப்பிடி, அது உங்கடை குற்றமில்லை. இனி இதுகள் ரெண்டும் எங்கையும் வெளிக்கிடேக்கை உங்களுக்குச் சொல்லாமல் போகட்டும். சுகமாத் திரும்பி வந்தாப்போலை எடுத்துச் சொல்லட்டும். எல்லாருக்கும் நல்லதுதானே?"

"ஓம் ஓம், அது நல்ல யோசனை," என்றார் என் கணவர். மூன்று வசனச் சட்டம் போட்ட மனிதர், ஒரு மூச்சில் என் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

எதையும் கேட்டிருக்கலாம், நகை கேட்டிருக்கலாம், மண்டபம் கேட்டிருக்கலாம். அந்தக் காலைச் செய்தியைக் கேட்டார்கள். நான் மகளைப் பார்க்கவில்லை. மலையில் பார்த்தது போதும் என்றிருந்தது.

"இல்லை," என்றாள் மகள்.

முள்ளுக்கரண்டியைக் கோப்பையில் வைத்தாள். சத்தமாகக் கதைக்கவில்லை, ஆனால் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாமி, மேலை நான் கதைச்சிருக்க வேணும். நீங்கள் என்ன நினைப்பியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். அது இறங்கியிருக்கும், இறங்காமலும் விட்டிருக்கும், ஆருக்கும் தெரியாது. அம்மா குந்தாட்டில் நாங்கள் அஞ்சு பேரும் கையைப் பிடிச்சுக்கொண்டு அதுக்குள்ளை நிண்டிருப்பம். நான் எங்கை போனாலும் அம்மாவுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போவன். ஒருநாள் நான் திரும்பி வராட்டில் என்னை எங்கை தோண்டவேணும் எண்டு ஒராளுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

கலியாணம் இந்த மேசையோடு முடிந்தது என்று நினைத்தேன். என் கணவர் கண்ணை மூடிவிட்டார். சம்மந்தி அம்மா காதைப் பொத்தவில்லை. பிறகு தன் மகன் பக்கம் திரும்பினார்.

"நீ ஆருக்குச் சொல்லிப்போட்டுப் போறனி?"

"இவளோடை போகேக்கை மாமிக்குத் தெரியும் அம்மா."

"இவளைக் காணமுந்தி? பத்து வருசமாப் போறாய். ஆருக்குத் தெரியும்?"

அவன் கோப்பியைக் கலக்கினான். அதில் சீனியும் போடவில்லை, பாலும் விடவில்லை.

"ஒருத்தருக்கும் தெரியாது."

"நான் இருந்தனான்தானே. எனக்கேன் சொல்லேல்லை?"

"வெளிக்கிடேக்கை உந்தக் கதை கதையாதை எண்டு நீங்கள்தானே அம்மா சொல்லுறனீங்கள்."

அந்த மனுசி அழவில்லை, ஏசவுமில்லை. மகனுடைய ஜாக்கெட் கையைப் பிடித்தார். அவன் எழும்பிக் காசு கொடுக்கப் போனபோதும் விடவில்லை, கூடவே எழும்பி, அந்தக் கையைப் பிடித்தபடி அவனுக்குப் பின்னால் போனார்.